அத்தியாயம் 3: உப்புக் கரித்த தொட்டி

“காணாமப் போன எருமையைத் தேடியிருக்கோம். தாலி கட்டுற அன்னைக்கு ஓடிப்போன மாப்பிள்ளையைத் தேடியிருக்கோம். செடிக்கு வெசம் வச்ச ஆளைத் தேடிப் போறது இதான் சார் மொதத் தடவை. கைவெலங்கு எடுத்துக்கிறதா, களைக்கொத்து எடுத்துக்கிறதா?”

சுருளிவேல் கேட்டுவிட்டு கியரை மாற்றினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோகுல்நாத் சிரிக்கவில்லை. கார்க் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு எலப்புள்ளி வயல் காற்றை மோந்தபடி வந்தான். எக்சைஸில் பதினோரு வருஷம் இருந்தவன். கள்ளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான் என்பதால், சித்தூர்ப் பக்கத்துக் கள்ளுக்கடைகளில் அவன் மூக்குக்குத் தனி பயம் இருந்தது. மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வேலையை உதறிவிட்டு, சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு தையல்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டு நாலு வருஷமாகிறது. சுருளிவேல் ஆனைக்கரைக்காரன். குமுளிக்கும் ஏலக்காய்த் தோட்டங்களுக்கும் நடுவே இருபது வருஷம் ஜீப் ஓட்டியவன். சித்தூரில் பெண் எடுத்து இங்கேயே தங்கிப்போய், இப்போது கோகுல்நாத்துக்கு ஓட்டுநரும் உதவியாளனும் அவன்தான். கேட்காமலே ஜோக்கடிப்பதும் அவன்தான்.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் படியேறி வந்தவர் எலப்புள்ளிக் கந்தப்பன். அறுபத்தைந்து வயது. நெல்லும் தென்னையும் உள்ள விவசாயக் குடும்பம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துதான் பேசினார்.

அவர் மகள் இந்து ஆனைக்கரையில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருந்தாள். ஆறு மாசத்துக்கு முன்னால், ஆடி மழையில், குமுளியிலிருந்து போன ஜீப் கவிழ்ந்து இறந்துபோனாள். அவள் தங்கியிருந்த அறையிலிருந்து வீடு வந்து சேர்ந்தவை இரண்டு பெட்டிகள், ஒரு தொட்டிச்செடி. பீஸ் லில்லி. நாலரை மாசம் அது நன்றாகத்தான் இருந்தது, மூன்று வெள்ளைப் பூவும் விட்டது. இந்த ஒன்றரை மாசமாகச் செத்துக்கொண்டிருக்கிறது.

“யாரோ அதக் கொல்றாங்க தம்பி. யாருன்னும் எனக்குத் தெரியும். எம் மருமகதான். செடி வந்த அன்னைக்கே, செத்தவங்க சாமானத்த ஊட்டுக்குள்ள வெக்க வேண்டாமுங்க மாமான்னு சொன்னவ. சாட்சியில்லாமச் சொன்னா எம் பையன் பிரதீப்பு ஒத்துக்க மாட்டான். நீங்க வந்து பார்த்து, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. பொழுதோட அவன் கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில இருந்து வந்ததும் அவளப் பொறந்த ஊட்டுக்குத் தாட்டி உட்டர்றேன்.”

ஜீப் கவிழ்ந்த இடத்தை அவர் சொன்னபோதே சுருளிவேலுக்குத் தெரிந்துவிட்டது. அவன் ஆயிரம் தடவை திரும்பிய வளைவு அது. அதனால்தான் வழி நெடுக வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான்.

*

வீட்டின் கிழக்கு அறையில் ஒரு கட்டில். கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தாள் கந்தப்பனின் மனைவி மருதாத்தாள். ஒன்றரை மாசத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பில் அடி. அன்றிலிருந்து எழுந்து நடமாட்டம் இல்லை, மூன்று வேளைக் கஞ்சியும் அறைக்கே வந்துவிடும். ஹாலில் டி.வி. பக்கத்தில் இருந்த செடியையும் அவள் கேட்டாள் என்று அப்போதுதான் இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவே ஒரு ஸ்டூலின்மேல் தொட்டி இருந்தது, கைக்கு எட்டும் தூரத்தில்.

சுருளிவேல் செடியைப் பார்த்தான். பாதி இலைகள் நுனியிலிருந்து கருகித் தொங்கின. பூத்த தண்டு ஒன்று பழுத்து ஒடிந்திருந்தது.

“கேஸ் முடிஞ்சுச்சு சார்” என்றான். “மார்கழி தையில இந்த மலைக்கணவாய்க் காத்து என்ன அடி அடிக்குது. ஆனைக்கரைக் குளிருல வளந்த செடி. கருகத்தானே செய்யும்? குத்தவாளி காத்து. பிடிச்சு ஸ்டேஷன்ல ஒப்படைக்கிறதுதான் கஷ்டம்.”

“காத்து எந்தப் பக்கமிருந்துங்ணா வருது?” என்று கேட்டான் கோகுல்நாத்.

“சன்னல் பக்கம்.”

“சன்னலப் பார்த்த எலையெல்லாம் எப்படி இருக்குது?”

சுருளிவேல் குனிந்து பார்த்தான். சன்னல் பக்கத்து இலைகள் வாடியிருந்தாலும் பச்சைதான். கருகிக் கிடந்ததெல்லாம் கட்டிலைப் பார்த்த பாதி.

“சன்னல்ல நுழைஞ்ச காத்து, செடியச் சுத்திப் போயி முதுகுல குத்துமாங்ணா?” என்று கேட்டுவிட்டு கோகுல்நாத் மண்ணைப் பார்த்தான். தொட்டியின் உள்விளிம்பில், கட்டில் பக்கமாக மட்டும், வெள்ளையாக ஏதோ பூத்து ஒட்டியிருந்தது. நகத்தால் ஒரு துளி சுரண்டி நாக்கில் வைத்தான்.

“உப்பு.”

“உப்பாப் போச்சு, நல்லவேளை. வெசமா இருந்திருந்தா இன்னைக்கே ஆபீசு எம் பேருக்கு வந்திருக்கும்” என்றான் சுருளிவேல்.

கோகுல்நாத் தொட்டிக்குள் மூக்கைக் கொண்டுபோனான். வெகுநேரம் எடுக்கவில்லை. “ஒரு புளிப்பு வாடை அடிக்குது. முந்தாநேத்து எறக்குன கள்ளு மாதிரி. ஆனா கள்ளு இல்ல.” பிறகு விரலால் மண்ணைக் கிளறினான். மேலே ஒரு விரற்கடைக்குப் புதுச் செம்மண். அடியில் கறுப்பாகப் பழைய மண். “யாரோ மேல்மண்ண அப்பப்பச் சுரண்டி எடுத்துட்டுப் புது மண்ணு போட்டிருக்காங்க.”

வாசலில் நின்ற கந்தப்பன் பல்லைக் கடித்தார். “உப்புங்களா? அடுக்களை யாரு கையில இருக்குதுன்னு பாருங்க தம்பி. அதுக்கு மேல நான் சொல்லோணுமா?”

மருதாத்தாள் சுருளிவேலைப் பார்த்தாள்.

“நீங்க ஆனைக்கரைங்களா? இவிங்க சொன்னாங்க.” கந்தப்பனைக் கண்ணால் காட்டினாள்.

“ஆமாம்மா. பொறந்து வளந்தது அங்கதான்.”

“இங்க விடிய அஞ்சரை பஸ்ஸுக்குப் போனா எத்தனை மணிக்குங்க அங்க போய்ச் சேரலாம்?”

“பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம்னு மாறி மாறிப் போகணும்மா. குமுளி சேரவே மத்தியானம் மூணு மணி ஆயிரும். அங்கிட்டு ஜீப்புதான்.”

“குமுளியில எறங்குனா சோறு கெடைக்குமுங்களா?”

“நல்லாவே கெடைக்கும்மா.”

“ஜீப்புக்காரங்க சோறு திங்கற வரைக்கும் நிப்பாங்களா?”

இருபது வருஷத்தில் சுருளிவேல் யாருக்காகவும் நின்றதில்லை. சீட் நிறைந்தால் கிளம்பிவிடுவான், ஒற்றைக் காலைப் படியில் வைத்தவனையும் தொங்கவிட்டபடி.

“நிப்போம்மா” என்றான்.

அவள் அவனையே பார்த்தாள். பிறகு நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். இரண்டு கண்ணாடி வளையலும் மணிக்கட்டிலிருந்து சரிந்து முழங்கைக்குப் பக்கத்தில் போய் நின்றன. கோகுல்நாத்தின் பார்வை அந்த வளையலிலும், அவள் இடக்கையில் இறுக்கிப் பிடித்திருந்த சேலை முந்தானையிலும் கொஞ்ச நேரம் இருந்ததைச் சுருளிவேல் கவனித்தான். அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை.

*

அடுக்களையில் மருமகள் யோகப்பிரியா கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயசு இருக்கும். இவர்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். பயந்தவளாகத் தெரியவில்லை. தூங்கி நாளானவள் போலத் தெரிந்தாள்.

“அம்மிணி, ஒரு டம்ளர் கஞ்சி குடுங்க” என்றான் கோகுல்நாத். ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கீழே வைத்தான். “உப்பே இல்லீங்களே.”

“அத்தைக்குப் பிரஷருங்க. உப்பு சேர்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“பாத்திரம் எப்படித் திரும்பி வரும்? மிச்சம் வெப்பாங்களா?”

“இல்லீங்க.” அவள் அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். “காலியாத்தான் வரும்.”

“மூணு வேளையும்?”

“மூணு வேளையும்ங்க.”

“செடிய ஊட்டுக்குள்ள வெக்க வேண்டாம்னு நீங்க சொன்னது நெசமா?”

“நெசந்தானுங்க. அப்பச் சொன்னேன். அதப் பார்க்கப் பார்க்க அத்தைக்கு மனசு ஆறாதேன்னு சொன்னேன்.”

வெளியே வந்ததும் சுருளிவேல் குரலைத் தாழ்த்தினான். “சார், உப்பில்லாத கஞ்சி, உப்பிருக்கிற தொட்டி. கஞ்சிக்குப் போடாத உப்பைத்தான் அந்தப் புள்ளை செடிக்குப் போட்டுருச்சா? சிக்கனமான குடும்பம்.”

“நீங்க பொறவடைப் பக்கம் போயிப் பாருங்கண்ணா. சுரண்டுன மண்ணு எங்கியாவது போயிருக்கோணுமில்ல?”

கொல்லையில் ஏழெட்டு வாழை. சுருளிவேலுக்கு வேலை சுலபமாகப் போய்விட்டது. கட்டெறும்பு வரிசை ஒன்று கிணற்றடியிலிருந்து கிளம்பி மூன்றாவது வாழையின் தூருக்குப் போய்க்கொண்டிருந்தது. எறும்பைவிட நல்ல போலீஸ் நாய் ஏது என்று நினைத்துக்கொண்டு ஒரு குச்சியால் தோண்டினான். கறுப்பு மண் கட்டிகளாகக் கிடந்தது. அதில் வெள்ளை வெள்ளையாகக் குழைந்த சோற்றுப் பருக்கை. பக்கத்திலேயே வளைந்துபோன ஒரு கரண்டி.

அவன் நிமிர்ந்தபோது பின்னால் கந்தப்பன் நின்றிருந்தார். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு நேராக அடுக்களைக்குப் போனார்.

“இது யாரு ஊட்டுக் கரண்டி? சொல்லு. எம் புள்ள வெச்சிருந்த மண்ண நோண்டி எடுத்து வாழைக்குப் போட்டது யாரு?”

யோகப்பிரியா கரண்டியைப் பார்த்தாள். கிழக்கு அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு மாமனார் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“நாந்தானுங்க மாமா.”

“உப்பு?”

“அதும் நாந்தான்.”

சுருளிவேலுக்கு வழக்கை முடித்த சந்தோஷம் வரவில்லை. கந்தப்பன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். “பிரதீப்ப இப்பவே வரச் சொல்றேன்.”

“சித்த இருங்க ஐயா” என்றான் கோகுல்நாத். அவள் பக்கம் திரும்பினான். “அம்மிணி, செடிக்கு உப்பு போடறப்ப எந்தப் பக்கமா நின்னு போட்டீங்க?”

அவள் யோசித்தாள். “சன்னல் பக்கமா நின்னுதானுங்க.”

“சரி.” அவன் கந்தப்பனிடம் சொன்னான். “போன் பண்றதுக்கு எனக்கு ஒரு கால்மணி நேரம் குடுங்க. மத்தியானக் கஞ்சிக்கு நேரமாச்சு. அம்மிணி எப்பவும்போலக் கொண்டுபோய் வெச்சுட்டு வரட்டும்.”

அப்போதுதான் அவள் முகம் கலங்கியது. “வேண்டாமுங்க. அதான் நான்னு ஒத்துக்கிட்டனுங்களே. இனி என்னங்க வேணும் உங்களுக்கு?”

“கொண்டுபோய் வெய்யுங்க அம்மிணி” என்றான் அவன், அடிபட்டவரிடம் பேசுகிற குரலில்.

*

கஞ்சியை ஸ்டூல் ஓரத்தில் வைத்துவிட்டு யோகப்பிரியா வெளியே வந்து கதவை ஒருச்சாய்த்தாள். கந்தப்பனைக் கதவிடுக்குப் பக்கம் நிறுத்திவிட்டு கோகுல்நாத் விலகி நின்றான். சுருளிவேல் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தான்.

மருதாத்தாள் ஒரு நிமிஷம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். வீடு அரவமில்லாமல் கிடந்தது. இடக்கையிலிருந்த முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதில் கல்லுப்பு. ஒரு சிட்டிகை எடுத்துக் கஞ்சியில் போட்டாள், யோசித்து இன்னொரு சிட்டிகை போட்டாள். விரலால் கலக்கினாள். பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்து வலியோடு சரிந்து, தொட்டியின் பக்கம் வந்து, ஒரு பிடி எடுத்துச் செடியின் தூரில் வைத்தாள்.

“தின்னு சாமி” என்றாள். “பஸ்ஸுல திங்க மாட்டே, வாந்தி வரும்னுட்டு. இங்கியே தின்னுட்டுப் போ. உப்பு பத்துலீன்னா சொல்லு. ஆத்தா இன்னைக்கு உன்னிய ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

இன்னொரு பிடி. அதன்மேல் இன்னொன்று. கருகிய இலையை நீவிவிட்டுவிட்டு அடுத்த பிடி. பாத்திரம் காலியாகும்வரை ஒரு வாய்கூட அவள் வாய்க்குப் போகவில்லை.

கந்தப்பன் கையிலிருந்த போன் மெல்லக் கீழே இறங்கியது.

கோகுல்நாத் தணிந்த குரலில் சொன்னான். “மூணு வேளைக் கஞ்சி குடிக்கறவங்களுக்கு வளையல் முழங்கைக்கு ஏறாதுங்க ஐயா. பிரஷர்க்காரங்க முந்தானையில உப்பு முடிஞ்சு வெச்சா, அது அவங்க நாக்குக்குன்னுதான் மொதல்ல நெனைச்சேன். ஆனா கருகுனது கட்டில் பக்கம். புளிச்சது சோறு. அம்மிணி சன்னல் பக்கம்னு சொன்னப்பவே, இவிங்க யாரையோ காப்பாத்தறாங்கன்னு தெரிஞ்சு போச்சு.”

“உனக்கு எப்பத் தெரியும்?” கந்தப்பன் மருமகளைக் கேட்டார்.

“ஒரு மாசமாச்சுங்க மாமா. நானும் இப்படித்தான் கதவுகிட்ட நின்னு பார்த்தேன். சுத்திப் போடறதுக்குன்னு எங்கிட்டக் கல்லுப்புக் கேட்டு வாங்குனதெல்லாம் இதுக்குத்தான்னு அப்பத்தான் தெரிஞ்சுது. சொன்னா நீங்க செடிய எடுத்துருவீங்க. எங்கியாச்சும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்க. அத்தைக்கு அந்தக் கொஞ்ச நேரந்தானுங்க மூஞ்சியில உசுரு இருக்கும். அதான் பருக்கைய வழிச்சு எடுத்துட்டுப் புது மண்ணு போட்டுப் போட்டு மறைச்சேன். பொழுதோட பால்ல சத்துமாவு கரைச்சு, மருந்துன்னு பொய் சொல்லிக் குடுத்துருவேன். அதுலதான் இத்தனை நாள் ஓடுது.”

“நான் உன்னியத் தாட்டியுட்டிருப்பேனே அம்மிணி.”

“போயிருப்பேனுங்க” என்றாள் அவள்.

*

கந்தப்பன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மருதாத்தாள் பாத்திரத்தைச் சேலைக்குள் இழுத்தாள். அவர் தரையில் உட்கார்ந்தார். மருதாத்தாள் கோகுல்நாத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“கண்டுபுடிச்சுட்டீங்களா தம்பி? யாருங்க அதக் கொல்றது?”

பொய் சொல்லிவிடு என்று சுருளிவேல் மனசுக்குள் கெஞ்சினான். காற்று என்று சொல், பூச்சி என்று சொல்.

கோகுல்நாத் கட்டிலருகே மண்டியிட்டான். “யாரும் கொல்லலீங்கம்மா. செடிக்கு உப்பு ஆகாது. சோறு வேருல தங்கிப் புளிச்சு, வேர் அழுகுது. இனியும் ஊட்டுனா ஒரு வாரம் தாங்காதுங்க. நீங்களும் தாங்க மாட்டீங்க.”

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். கஞ்சி ஒட்டியிருந்தது.

“அப்ப மறுக்காவும் நாந்தானுங்களா” என்றாள்.

அவள் யாரையும் பார்க்காமல் பேசிக்கொண்டே போனாள். “கடைசியா லீவுக்கு வந்துட்டுக் கெளம்புன அன்னைக்கு ஒரு மாப்பிள்ளை விசயமா எனக்கும் அவளுக்கும் சண்டை. இட்டிலி ஊத்தி வெச்சிருந்தேன். தின்னா தின்னு, இல்லாட்டி அப்படியே போன்னு சொல்லிப்போட்டேன். அப்படியே போயிட்டா. அப்பறம் பிரதீப்பு அவள அறுத்துப் பார்த்த ஆஸ்பத்திரிக் காயிதத்த இவிங்களுக்குப் படிச்சுக் காட்டுனான். நான் உள்ள இருக்கறன்னு தெரியாம. வயித்துல ஒண்ணுமே இல்லைன்னு போட்டிருந்துச்சாம். காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் எம் புள்ள பசியோடயே உக்காந்துட்டுப் போயிருக்கறா.”

“மருதா.”

கந்தப்பன் தலை குனிந்தபடி சொன்னார். “வண்டியில அவள பஸ்ஸுக்குக் கொண்டுபோய் உட்டது நானு. வழியில அந்தக் கொளத்துக்கிட்ட டீக்கடை தொறந்திருந்துச்சு. அப்பா பசிக்குது, நிறுத்துங்க, ரெண்டு பன்னாவது தின்னுக்கறேன்னா. பஸ் போயிரும்னு நான் நிறுத்தல. பஸ் இருபது நிமிசம் லேட்டா வந்துச்சு. அவ அதுக்கப்பறம் கேக்கல. நானும் கேக்கல. உங்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வர்ல. செடியும் போகுதுன்னதும் யாரையாச்சும் புடிச்சு நிறுத்தோணும்னு…” அவர் மருமகள் பக்கம் கையைக் காட்டினார், வாக்கியத்தை முடிக்கவில்லை.

மருதாத்தாள் கையை ஓங்கி அவர் தோளில் அடித்தாள். வலுவில்லாத அடி. இன்னொரு தரம் அடித்தாள். மூன்றாவது தரம் கை அவர் தோளிலேயே தங்கிவிட்டது. அடித்த இடத்தில் சட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

யோகப்பிரியா தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். சுருளிவேல் பின்னாலேயே போனான்.

கிணற்றடித் துவைகல்லில் செடியை உருவி, கோகுல்நாத் வேரை வாளித் தண்ணீரில் அலசினான். முக்கால் பங்கு வேர் கறுத்துக் கூழாகிக் கையோடு வந்தது. நாலைந்து வேர்தான் வெள்ளையாக மிஞ்சியது. அழுகினதை வெட்டி எறிந்துவிட்டு, வாழைக்கு அப்பாலிருந்து புது மண் கொண்டுவந்து நட்டார்கள்.

“பொழைக்குமுங்களா?” யோகப்பிரியா கேட்டாள்.

“தெரியலீங்க அம்மிணி. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கோணும்.”

திரும்பும்போது சித்தூர் எல்லை தாண்டியதும் சுருளிவேல் சொன்னான். “சார், குமுளி ஸ்டாண்டுல நான் ஒரு தடவகூட யாருக்கும் நின்னதில்ல.” கோகுல்நாத் தலையை ஆட்டினான்.

*

பதினோராம் நாள் காலையில் ஆபீஸ் போன் அடித்தது. சுருளிவேல் எடுத்தான். கந்தப்பன்.

“செடி போயிருச்சுங்க” என்றார். போன் கைமாறுகிற சத்தம். யோகப்பிரியா பேசினாள்.

“வெள்ளை வேரும் அழுகிருச்சுங்கண்ணா. நேத்தே தண்டு சாஞ்சு போச்சு. காலையில அத்தை பார்த்துட்டாங்க.”

“அம்மா எப்படியிருக்காகத்தா?”

பின்னணியில் யாரோ தேம்புவது கேட்டது. ஒரே குரல் இல்லை, இரண்டு.

“இந்து செத்த அன்னைக்கு இருந்து இன்னைக்கு வரைக்கும் அத்தை ஒரு சொட்டுக் கண்ணீர் உடலீங்கண்ணா. எழவுக்கு வந்தவங்கெல்லாம் கல்லு மனசுன்னு காதுபடப் பேசிட்டுப் போனாங்க. இன்னைக்குத் தொட்டியப் பார்த்துட்டு, இந்து செத்துப் போயிட்டாளாங்கன்னு மாமாவக் கேட்டாங்க. ஆமா மருதா, செத்துப் போயிட்டான்னாரு. அப்ப ஆரம்பிச்சது. இன்னும் அழுதுட்டே இருக்காங்க.”

சுருளிவேல் எதிரே நின்ற கோகுல்நாத்தைப் பார்த்தான். பிறகு கேட்டான். “ஏதாச்சும் சாப்புட்டாகளாத்தா?”

“சோறு வடிச்சு வெச்சிருக்கறனுங்கண்ணா. எங்க ஊட்டுக்காரரும் இன்னைக்கு வேலைக்குப் போகல. அத்தை அழுது முடிக்கட்டும்னு எல்லாரும் ஒட்டுக்கா உக்காந்திருக்கறோம்.”